கஞ்சாப் பூக்கொத்துக்குள் புழு: இந்த நேரத்தில் என்ன செய்யலாம்?

பின்வளவு (ஸ்காபரோ)
செப்டம்பர் 8

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீட்டுப் பின்வளவில் நான்கு கஞ்சாச் செடிகள் நிற்கின்றன. கனடாவின் ஒன்ராறியோவில் 2018 ஒக்டோபர் 17 முதல் ஒரு வீட்டுக்கு நான்கு வரை வளர்க்கலாம் என்பது உங்களுக்குத் தெரியும். விதை அரசாங்கக் கடையில் வாங்கியது. மே மாதக் கடைசியில் வெளியே வைத்தேன். தக்காளிக்கும் பாவற்காய்ப் பந்தலுக்கும் நடுவில் நல்ல வெயில் விழும் இடம். இரண்டு செடி என்னைவிட உயரம். ஓகஸ்ட் முதற்பாதியில் பூக்கத் தொடங்கி, இப்போது கொத்துகள் பெருவிரல் பருமனுக்கு வந்துவிட்டன.

நேற்றுப் பின்னேரம் பெரிய செடியின் உச்சிக் கொத்தில் ஒரு சின்ன இலை மட்டும் பழுத்துத் தொங்கியது. சுற்றியுள்ள இலை எல்லாம் பச்சை. அதைப் பிடித்து இழுத்தேன், ஒரு தடையும் இல்லாமல் கையோடு வந்தது. கொத்தை விரித்துப் பார்த்தால் உள்ளே கறுப்புக் குறுணி குறுணியாக எச்சம், நடுவே பச்சை நிறத்தில் பக்கவாட்டுக் கோடு போட்ட புழு. பக்கத்துக் கொத்தில் இன்னொன்று, ஆனால் அது மண்ணிறம். இரண்டும் ஒரே இனமா என்று கூடத் தெரியவில்லை.

இதோடு முடியவில்லை. வேலி ஓரத்துச் செடியில் ஒரு கிளை மத்தியானத்தில் வாடுகிறது, இரவு குளிர்ந்த பிறகும் நிமிரவில்லை. கிளை பிரியும் கணுவில் ஊசி நுழையும் அளவுக்கு ஓட்டை. ஓட்டையின் வாயில் மரத்தூள் மாதிரி ஏதோ ஒட்டியிருக்கிறது.

அம்மாவுக்கு இந்தச் செடிகள் வளவில் நிற்பதில் விருப்பமில்லை. ஆனால் வாடின கிளையைக் கண்டதும் கிட்ட வந்து பார்த்தவர், "இது கத்தரிக்குள்ள போற புழுதான். குருத்து வாடினால் உள்ளே ஆள் இருக்கு, வெட்டி எறி" என்றார். அவர் யாழ்ப்பாணத்தில் கத்தரித் தோட்டம் செய்தவர்.

என் கேள்விகள் இவை. உள்ளே இருப்பது என்ன புழு? பூ வந்த பிறகு ஏதாவது தெளிக்கலாமா, அல்லது இருக்கிறதை இப்போதே வெட்டிவிட வேண்டுமா? பக்கத்தில் பிள்ளைகள் பறித்துச் சாப்பிடும் தக்காளி இருக்கிறது. பாவற்பூவுக்குத் தேனீ வருகிறது. அதனால் கடுமையான மருந்து எதையும் இந்த வளவுக்குள் கொண்டுவர மாட்டேன். வார இறுதியில் மழை என்கிறார்கள், அதுதான் அவசரம்.

---

வன்னிமைந்தன்
செப்டம்பர் 8

வேப்பெண்ணெயும் கொஞ்சம் சவர்க்காரமும் கலந்து அடியுங்கோ. ஊரில் எல்லாத்துக்கும் அதுதானே. இரண்டு நாளில் புழு ஓடிவிடும்.

---

சோளக்காடு (சாத்தம் பக்கம்)
செப்டம்பர் 8

தம்பி, முதலில் வேப்பெண்ணெயைக் கையில் எடுக்க வேண்டாம். வன்னிமைந்தன் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார். ஆனால் பூவில் பட்ட எண்ணெய் அங்கேயே தங்கும், பிறகு அதைத்தான் நீங்கள் புகைப்பீர்கள் அல்லது சமையலில் போடுவீர்கள். கொத்துக்குள் ஒளிந்திருக்கும் புழுவுக்கு அது எட்டவும் எட்டாது. தவிர, கனடாவில் வேப்பெண்ணெய் வீட்டுத் தோட்டப் பூச்சிமருந்தாகப் பதியப்பட்டதும் அல்ல.

நான் இனிப்புச் சோளத் தோட்டத்தில் வேலை செய்கிறேன். நீங்கள் எழுதிய இரண்டு புழுவும் எங்களுக்கு வருடா வருடம் வருகிற ஆட்கள். கஞ்சாவும் சணலும் சோளமும் இந்த விஷயத்தில் உறவுக்காரர்கள், சோளத்தைத் தின்கிறது அங்கேயும் வரும்.

கொத்துக்குள் இருப்பது சோளக்கதிர்ப் புழு, ஹெலிகோவெர்பா ஸியா. பச்சை, மண்ணிறம், இளஞ்சிவப்பு என்று எல்லா நிறத்திலும் வரும், ஒரு தாயின் பிள்ளைகளே வேறு வேறு நிறம். அதனால் உங்கள் இரண்டும் ஒரே இனமாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். நன்றாக வளர்ந்தால் 4 சென்ரிமீற்றர் நீளம் வரும். ஒன்ராறியோ மாரிகாலத்தை இது தாங்காது. ஒவ்வொரு கோடையிலும் இதன் அந்துப்பூச்சி அமெரிக்காவின் தென்பகுதியிலிருந்து காற்றில் ஏறி வருகிறது. நாங்கள் பெண் அந்தின் வாசனை வைத்த வலைப்பொறி கட்டி, எப்போது வந்திறங்குகிறது என்று பார்ப்போம். பெரும்பாலும் ஓகஸ்டில்தான் கூட்டம். சோளத்தின் புது நாரில் முட்டை இடுவதுதான் அதற்குப் பிடிக்கும். நார் காய்ந்துபோனதும் வேறு பூவைத் தேடும், அந்த நேரம் பார்த்து உங்கள் செடி பூத்து நிற்கிறது. முட்டையைக் கூட்டமாக இடாமல் ஒவ்வொன்றாகத் தூரத் தூர இடும். வெக்கையான நாட்களில் மூன்றாம் நாளே பொரித்துவிடும்.

தண்டுக்குள் இருப்பது வேறு ஆள். ஐரோப்பியச் சோளத் தண்டுத் துளைப்பான், ஒஸ்ட்ரினியா நுபிலாலிஸ். 1917 இல் அமெரிக்காவின் மசசூசெற்ஸ் பக்கம் கண்டுபிடித்தார்கள், மூன்று வருடத்தில் ஒன்ராறியோவிலும் கண்டார்கள். இது எங்கேயும் போகாது, காய்ந்த தண்டுக்குள்ளேயே புழுவாக மாரியைக் கழிக்கும். எங்கள் பக்கத்தில் ஜூனில் ஒரு தலைமுறை, ஓகஸ்டில் இன்னொரு தலைமுறை. உங்கள் அம்மா சொன்னதை லேசாக எடுக்க வேண்டாம். கத்தரிக்குருத்தைத் துளைக்கும் புழுவும் இதுவும் கிராம்பிடே என்ற ஒரே குடும்பத்து அந்துகள். வாடின குருத்தை வெட்டி எறி என்று அவர் சொன்னதற்கு மேலே எனக்குச் சொல்ல அதிகம் இல்லை.

அந்தக் கிளையை ஓட்டைக்குக் கீழே வெட்டுங்கள். வெட்டின துண்டைக் கத்தியால் நெடுகப் பிளந்து புழுவைக் காணும்வரை பாருங்கள். காணாவிட்டால் அது இன்னும் கீழே போயிருக்கிறது, மறுபடி வெட்டுங்கள். ஓட்டை நடுத்தண்டில் இருந்தால் அப்படி வெட்ட முடியாது. அப்போது ஓட்டையின் நேரே தண்டை மேலிருந்து கீழாகச் சின்னதாகக் கீறி, புழுவை எடுத்துவிட்டு, ரேப்பால் சுற்றி, பக்கத்தில் தடி நட்டுக் கட்டவும். துளைபட்ட தண்டு காற்றுக்கு அந்த இடத்தில்தான் முறியும்.

இனி தெளிப்பதைப் பற்றி. எல்லோரும் சொல்லப்போவது பி.ரி.கே., அதாவது பசிலஸ் துரிஞ்ஜியென்சிஸ் குர்ஸ்ராகி என்ற மண் பக்ரீரியா. நல்ல சாமான். 1901 இல் யப்பானில் பட்டுப்புழுக்களைக் கொன்ற நோயாக இந்த பக்ரீரியாவைக் கண்டார்கள், பத்து வருடம் கழித்து ஜேர்மனியின் துரிஞ்சியாவில் மறுபடி கண்டு அந்த ஊர்ப் பெயரை வைத்தார்கள். அது ஒரு புரதப் படிகம் செய்யும். புழு இலையோடு அதைத் தின்றால், அதன் குடலின் காரத்தில் படிகம் கரைந்து குடல் சுவரை ஓட்டை ஆக்கும். சில மணி நேரத்தில் தின்பதை நிறுத்தும், சில நாளில் சாகும். எங்கள் வயிறு அமிலம், அங்கே அது வேலை செய்யாது. தேனீக்கும் கெடுதி செய்யாது. ஒன்ராறியோவில் 2009 இல் வீட்டுத் தோட்டங்களுக்கான பெரும்பாலான பூச்சிமருந்துகளைத் தடை செய்தபோதும் இதை விட்டுவைத்தார்கள். 2018 இல் மிசிசாகாவில் மரங்களுக்கு வானத்திலிருந்து அடித்ததும் இதைத்தான்.

ஆனால் தம்பி, தின்றால்தான் அது கொல்லும். உங்கள் புழு இப்போது கொத்தின் நடுவில் இருந்து உள்ளுக்குள்ளேயே தின்கிறது. மேலே படுகிற தெளிப்பு அதன் வாய்க்குப் போகாது. தண்டுக்குள் இருப்பவனுக்கு அறவே போகாது. வளர்ந்த புழு தாங்கவும் செய்யும். பி.ரி.கே. க்கு உரிய நேரம், முட்டை பொரித்துக் குஞ்சுப் புழு வெளியே ஊர்ந்து திரியும் அந்த ஓரிரண்டு நாள். ஜூலைக் கடைசியிலிருந்து, கொத்து இறுகுவதற்கு முதல், வாரத்துக்கு ஒருமுறை, பின்னேரம் வெயில் சாய்ந்த பிறகு அடித்துக்கொண்டு வரவேண்டும். வெயிலில் சில நாளில் செத்துப்போகும், மழை கழுவிவிடும், அதனால் திரும்பத் திரும்ப. இலையின் அடிப்பக்கம் நனைய வேண்டும். வாங்கும்போது போத்தலில் பதிவு எண் இருக்கிறதா, எந்தச் செடிக்கு என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். லேபிளில் சொல்லாதபடி பாவிப்பது இங்கே சட்டப்படி குற்றம். கஞ்சாவுக்குப் பதிந்த மருந்துகளின் பட்டியல் ஹெல்த் கனடா என்ற சுகாதார அமைச்சிடம் இருக்கிறது.

இப்போது செப்டம்பர். இறுகின கொத்தை நனைப்பது எனக்கு ஒப்பாது. புழுவைவிடப் பெரிய எதிரி இனித்தான் வரப்போகிறது: பூஞ்சணம். புழு தின்ற காயம், அதன் எச்சம், அதில் தங்கும் ஈரம், செப்டம்பர்க் குளிர் எல்லாம் சேர்ந்தால் போட்ரைற்றிஸ் என்ற சாம்பல் பூஞ்சணம் ஒரே கிழமையில் கொத்தை அழுகவைக்கும். சனிக்கிழமை மழைக்கு முதல் நீங்கள் செய்ய வேண்டியது கத்தரிக்கோல் வேலை.

---

பின்வளவு
செப்டம்பர் 9

அண்ணை, மிக்க நன்றி. கிளையை வெட்டிப் பிளந்தேன். சாம்பலும் இளஞ்சிவப்பும் கலந்த நிறத்தில், கறுப்புத் தலையோடு, முதுகில் சின்னச் சின்னப் புள்ளிகளோடு ஒன்று உள்ளே இருந்தது. அம்மாவுக்குக் கொண்டுபோய்க் காட்டினேன்.

கொத்துகளில் கத்தரிக்கோல் வேலையை எப்படிச் செய்வது? முழுக் கொத்தையும் எடுத்துவிடவா?

---

சோளக்காடு
செப்டம்பர் 9

முழுதாக எடுக்க வேண்டியதில்லை. காலை பனி காய்ந்த பிறகு ஒவ்வொரு கொத்தாகப் பாருங்கள். நீங்களே கண்ட அடையாளம்தான் சரியான அடையாளம்: பச்சைக்கு நடுவே தனியாகப் பழுத்த ஒரு இலை. அதை மெதுவாக இழுங்கள். தடுத்தால் அது வெறும் வயசான இலை. கையோடு வந்தால் உள்ளே புழு அல்லது அழுகல். கொத்தை விரித்துப் பாருங்கள். புழு மட்டும் என்றால் எடுத்து, எச்சம் பிடித்த பகுதியை வெட்டி, மிச்சத்தை விடலாம். மண்ணிறமாகக் குழைந்தோ சாம்பல் நூலாகவோ இருந்தால் இரக்கம் பார்க்காமல், கண்ணுக்குத் தெரிகிற அழுகலுக்கு இரண்டு விரல் கீழே, நல்ல திசு வரும்வரை வெட்டி உடனே பைக்குள் போடுங்கள். அசைத்தால் பூஞ்சணத்தின் வித்துத் தூள் பறக்கும். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தரிக்கோலை அற்ககோலில் துடையுங்கள். பூஞ்சணம் பிடித்ததைக் காய வைத்தாலும் புகைக்கக் கூடாது, இதில் விட்டுக்கொடுப்பு வேண்டாம்.

உள்ளே காற்றோட்டம் வர நடுவிலுள்ள பெரிய இலைகளைக் கொஞ்சம் கழியுங்கள். மழை விட்டதும் தண்டைப் பிடித்து மெதுவாக உலுக்கி நீரை விழுத்துங்கள். முடிந்தால் மேலே ஒரு தகரமோ தெளிவான பொலித்தீனோ கட்டினால் நல்லது, பக்கங்கள் திறந்திருக்க வேண்டும்.

இரவில் தலைவிளக்குப் போட்டுக்கொண்டும் ஒருமுறை போய்ப் பாருங்கள். பகலில் ஒளிந்திருப்பவை சில வெளியே வரும்.

---

மார்க்கம்_வாணி
செப்டம்பர் 9

சோளக்காடு அண்ணா எழுதியதை நான் சேமித்து வைத்துக்கொண்டேன். பி.ரி.கே. பற்றி ஒன்று மட்டும் சேர்க்கிறேன், இது எனக்கு முக்கியம். தேனீக்குக் கெடுதி இல்லை என்பது உண்மை. ஆனால் அது எந்த வண்ணத்துப்பூச்சிப் புழு, எந்த அந்துப் புழு என்று பிரித்துப் பார்க்காது. எங்கள் வேலி ஓரத்தில் மில்க்வீட் வளர்த்திருக்கிறேன், மொனார்க் வண்ணத்துப்பூச்சி அதில்தான் முட்டை இடும். கனடாவில் அதை அழியும் ஆபத்திலுள்ள உயிராகப் பட்டியலில் வைத்திருக்கிறார்கள். காற்று அடிக்கிற நேரம் தெளித்து மில்க்வீட் இலையில் பட்டால் அந்தப் புழுவும் சாகும். ஓகஸ்டில் இங்கே வளர்கிற மொனார்க்தான் மெக்சிக்கோவுக்குப் பறந்து போகிற தலைமுறை. பக்கத்து வீட்டு வளவையும் எட்டிப் பார்த்துவிட்டு அடியுங்கள்.

இந்த யோசனையில்தான் நான் தெளிப்பை விட்டு வலைக்கு மாறினேன். கோவாச் செடிக்குப் போடுகிற நுண்வலை. ஜூலை நடுவில் நான்கு மூலைக்கும் தடி நட்டு, செடி முழுவதையும் மூடி, அடியைக் கல் வைத்து அமர்த்திவிடுவேன். அந்து உள்ளே வராவிட்டால் முட்டையும் இல்லை. பாவற்காய்க்கோ பூசணிக்கோ வலை போட்டால் தேனீ வராமல் காய் பிடிக்காது. கஞ்சா அப்படியல்ல. அதற்குக் காற்றுத்தான் மகரந்தம் கொண்டுவருகிறது, நமக்கு வேண்டியதும் மகரந்தம் சேராத பெண்பூ. அதனால் வலையால் ஒரு நட்டமும் இல்லை. இலை வலையில் முட்டாமல் இடம் விடுங்கள், முட்டினால் வெளியே இருந்தே வலைக்கண் வழியாக முட்டை வைத்துவிடும். காற்று கொஞ்சம் குறையும் என்பதால் செப்டம்பரில் வலையைக் கழற்றிவிடுகிறேன்.

பின்வளவு, உங்கள் தக்காளியில் கொம்புப் புழு வந்தால், அதன் முதுகில் அரிசி மாதிரி வெள்ளையாக ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். அது ஒரு சின்னக் குளவியின் கூடுகள். அந்தப் புழுவைக் கொல்லாமல் விடுங்கள், அது எப்படியும் சாகும். வெளிவரும் குளவிகள் மற்றக் கொம்புப் புழுக்களைத் தேடிப் போகும்.

---

சோளக்காடு
செப்டம்பர் 10

வாணி தங்கச்சி குளவியைப் பற்றி எழுதியது நல்லது. தண்டுத் துளைப்பானுக்கும் ஒரு குளவி இருக்கிறது, ட்ரைக்கோகிரம்மா. கண்ணுக்கே சரியாகத் தெரியாத அளவு. அந்தின் முட்டைக்குள் தன் முட்டையை வைக்கும், புழு பிறக்காமல் குளவி பிறக்கும். அட்டையில் ஒட்டி விற்கிறார்கள், கிளையில் தொங்கவிட வேண்டியதுதான். இது எனக்கு மிகவும் பிடித்த முறை.

அடுத்த வருடம் ஜூனிலிருந்து இலையின் அடிப்பக்கம் பாருங்கள். தண்டுத் துளைப்பானின் முட்டைகள் மீன் செதில் மாதிரி ஒன்றன்மேல் ஒன்று தட்டையாக ஒட்டியிருக்கும், வெள்ளையாக. ஒவ்வொரு முட்டைக்குள்ளும் ஒரு கறுப்புப் புள்ளி தெரிந்தால் அது புழுவின் தலை, நாளைக்குள் பொரிக்கும். அந்த இலையை உடனே கிள்ளி எடுங்கள். முட்டை முழுதுமே கறுப்பாக இருந்தால் உள்ளே வளர்வது குளவி. அந்த இலையைத் தொடாதீர்கள்.

---

தக்காளித்தோட்டம் (திண்டுக்கல்)
செப்டம்பர் 11

அண்ணே, நான் தமிழ்நாட்டில் தக்காளி போடுகிறவன். இங்கே கஞ்சா வளர்த்தால் 1985 போதைப்பொருள் சட்டப்படி சிறைதான், அதனால் உங்கள் செடியைப் பற்றி எனக்குப் பேச ஒன்றுமில்லை. ஆனால் புழுவைப் படித்ததும் எங்கள் பச்சைக்காய்ப்புழுதான் நினைவுக்கு வந்தது. ஹெலிகோவெர்பா ஆர்மிஜெரா, உங்கள் சோளக்கதிர்ப் புழுவுக்குச் சொந்தக்காரன். தக்காளி, துவரை, கொண்டைக்கடலை எதையும் விடாது. காய்க்குள் தலையை விட்டு உடம்பை வெளியே வைத்துக்கொண்டு தின்னும்.

நாங்கள் வரப்பிலும் வரிசைக்கு நடுவிலும் செண்டுமல்லி போடுவோம். அந்து அதில் போய் முட்டை வைக்கும், பூவோடு பறித்து அழித்துவிடலாம். இன்னொன்று என்.பி.வி. என்ற வைரஸ் கரைசல், அந்த வகைப் புழுக்களை மட்டும் தாக்கும். நோய் பிடித்த புழு செடியின் உச்சிக்கு ஏறித் தலைகீழாகத் தொங்கிச் சாகும். மாலையில் அடிக்க வேண்டும், வெயில் பட்டால் வீணாகிவிடும். வயலில் பறவை உட்காரக் குச்சி நட்டு வைப்போம், கரிச்சான் வந்து நன்றாகப் பொறுக்கும். ஒரே மருந்தை நம்பாமல் பல வழியில் போனால்தான் அதை அடக்க முடிகிறது. கண்ட மருந்தையும் அடித்து அடித்து இங்கே பல மருந்துக்கு அது பழகிவிட்டது.

---

பின்வளவு
செப்டம்பர் 14

மழை ஓய்ந்துவிட்டது. மழைக்கு முதல் நாள் மனைவியும் நானும் நான்கு செடியையும் கொத்துக் கொத்தாகப் பார்த்தோம். இப்போது மறுபடி பார்த்தேன். ஒரே ஒரு கொத்தில் சாம்பல் நூல், அதைக் கீழே இருந்து வெட்டிவிட்டேன். மற்றவை இதுவரை சுத்தம். பெரிய செடியின் உச்சி பாதி போய்விட்டது. போகட்டும், மிச்சம் நன்றாக இருக்கிறது.

இரண்டு கேள்வி மட்டும். அறுத்துத் தொங்கவிட்ட பிறகு உள்ளே தப்பிய புழு இருந்தால்? அறுவடை முடிந்து மிஞ்சும் தண்டுகளை என்ன செய்வது?

---

சோளக்காடு
செப்டம்பர் 14

தொங்கவிடும் இடத்தில் நிலத்தில் வெள்ளைக் கடதாசி விரித்து வையுங்கள். செடி காயத் தொடங்கியதும் தப்பிய புழு சாறு தேடிக் கொத்தை விட்டு வெளியே வரும், நூல் விட்டுக் கீழே இறங்குவதும் உண்டு. முதல் சில நாள் காலையும் மாலையும் பாருங்கள். கடதாசியில் புதிதாகக் கறுப்புக் குறுணி விழுந்திருந்தால் நேரே மேலே இருக்கிற கொத்தைப் பிரியுங்கள். போத்தலில் அடைக்கும் முதல் ஒவ்வொரு கொத்தையும் உடைத்துப் பார்த்துவிட்டு அடையுங்கள்.

தண்டை வேலி ஓரத்தில் சாத்தி வைக்க வேண்டாம், முழுதாகக் கொம்போஸ்ற்றிலும் போட வேண்டாம். துளைப்பான் அதற்குள்தான் மாரியைக் கழித்து வசந்தத்தில் அந்தாக வெளிவரும். அடியோடு பிடுங்கி, விரல் நீளத்துக்குத் துண்டு துண்டாக வெட்டி, தடித்த அடித்தண்டைப் பிளந்து பாருங்கள். பாவற்பந்தலின் காய்ந்த கொடியையும் பக்கத்தில் நிற்கும் உயரமான களைகளையும் அதே நாளில் எடுத்துவிடுங்கள், தடித்த தண்டுள்ள களைக்குள்ளும் அது இருக்கும். பக்கத்து வீட்டில் யாரும் சோளம் வைத்திருந்தால் அவர்களுக்கும் சொல்லுங்கள்.